நடந்து அறிய வேண்டிய சூரிய மண்டலம்

உங்கள் அறிவியல் பாடநூலில் சூரிய மண்டலப் படம் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் சூரியனின் ஒரு பகுதி செக்கச் சிவந்து எரியும். அதற்கு வலப்புறம் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று எட்டுக் கோள்களும், காலை வணக்கத்துக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல, ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாத குறையாக நிற்கும். வரிசையை மனப்பாடம் செய்ய இந்தப் படம் நன்றாகப் பயன்படும். அதற்கு மேல் அதை நம்புவது ஆபத்து. கோள்களின் பெயரும் வரிசையும் நீங்கலாக, அந்தப் படத்தில் ஏறக்குறைய எல்லாமே தவறு.

படம் வரைந்த ஓவியரை நோவதில் பயனில்லை. அவருடைய சங்கடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பூமியை அவர் அரை மில்லிமீட்டர் விட்டத்தில், ஒரு முற்றுப்புள்ளியாக வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே அளவில் சூரியனை ஐந்தரை சென்டிமீட்டர் விட்டத்தில் வரைய வேண்டும். அது எளிது. ஆனால் அந்த முற்றுப்புள்ளியைச் சூரியனிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நெப்டியூனையோ 176 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். எந்தப் பாடநூலுக்கு அவ்வளவு அகலமான பக்கம் உண்டு? ஆகவே ஓவியர் அளவுக்கு ஒரு கணக்கையும் தொலைவுக்கு வேறொரு கணக்கையும் வைத்துக்கொள்கிறார். படத்தின் அடியில் 'அளவுப்படி வரையப்படவில்லை' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படித்த மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இது சிறிய குறை, படம்தானே என்று விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. சூரிய மண்டலத்தைப் பற்றிய முதன்மையான செய்தி அது மிகப் பெரிய வெற்றிடம் என்பது. அந்த வெற்றிடத்தைத்தான் படம் முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. அதைக் காகிதத்தில் கற்க முடியாது. கணினித் திரையிலும் முடியாது. கற்பதற்கு ஒரு சாலை வேண்டும். இரண்டு கால்கள் வேண்டும். உலகில் பல ஊர்க்காரர்கள் இதை உணர்ந்து, தங்கள் தெருக்களிலும் பாதைகளிலும் சூரிய மண்டலத்தின் மாதிரிகளை அமைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்று ஒரு சிறு நகரம் உண்டு. வானியல் அறிஞர் கார்ல் சேகன் வாழ்ந்த ஊர் அது. அங்குள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில்தான் அவர் பேராசிரியராக இருந்தார். 1996 டிசம்பரில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் நினைவாக அந்நகரின் அறிவியல் மையம் ஒரு நடைபாதையை அமைத்தது. கடைவீதியின் நடுவே சூரியனுக்கு ஒரு கல்தூண். அங்கிருந்து தெருக்கள் வழியே ஒவ்வொரு கோளுக்கும் ஒரு தூண். கடைசியாக, 1.18 கிலோமீட்டருக்கு அப்பால், அறிவியல் மையத்தின் அருகே புளூட்டோவின் தூண். இதன் சிறப்பு என்னவென்றால், அளவுக்கும் தொலைவுக்கும் அங்கே ஒரே கணக்குத்தான். உண்மையில் உள்ளதில் 500 கோடியில் ஒரு பங்கு. அதாவது அங்கே 1 மில்லிமீட்டர் என்பது 5000 கிலோமீட்டர். 1 மீட்டர் என்பது 50 லட்சம் கிலோமீட்டர்.

இத்தாக்காவுக்கு நாம் போக வேண்டியதில்லை. அதே கணக்கை எடுத்துக்கொண்டு நம் அடுக்களைக்குப் போவோம்.

சூரியனுக்கு 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்று வேண்டும். நடுத்தரமான ஒரு பூசணிக்காய் போதும். புதன் 1 மில்லிமீட்டர்: ஒரு கசகசா. வெள்ளியும் பூமியும் ஏறக்குறைய இரட்டையர், இரண்டுமே இரண்டரை மில்லிமீட்டர்: இரண்டு கம்பு மணிகள். செவ்வாய்க்கு ஒரு கேழ்வரகு. வியாழன் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உள்ள பெரிய நெல்லிக்காய்; சனி அதைவிடச் சற்றுச் சிறிய நெல்லிக்காய். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் 1 சென்டிமீட்டர். சிறிய சுண்டைக்காய் இரண்டு பொறுக்கிக்கொள்ளுங்கள். நம் சந்திரன் ரவையில் ஒரு துகள். புளூட்டோ அதைவிடச் சிறிய துகள். கை ஓட்டல் என்ற வானியல் எழுத்தாளர் 1989-இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் இதே போன்ற விளையாட்டைச் சொல்லி, பூமிக்கு மிளகைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய கணக்கில் பூமி 2 மில்லிமீட்டர்தான். நம் வீட்டு மிளகு அதற்குப் பெரிது, கம்பே பொருத்தம்.

பூசணிக்காயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உங்கள் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளலாம். இப்போது பூசணிக்காயைச் சாலையோரத்தில் வைத்துவிட்டு நடங்கள். உங்கள் ஓர் எட்டு 60 சென்டிமீட்டர் என்றால், ஒவ்வோர் எட்டும் விண்வெளியில் 30 லட்சம் கிலோமீட்டர். 19 எட்டில் கசகசாவை வைக்கலாம். 36-இல் வெள்ளி. 50-ஆவது எட்டில் பூமி. 76-இல் செவ்வாய். இதுவரை உற்சாகமாகத்தான் இருக்கும். அதன் பிறகு?

அதன் பிறகு ஒன்றும் இல்லை. நடக்கிறீர்கள், எண்ணுகிறீர்கள், நடக்கிறீர்கள். 'குறுங்கோள்கள் நிறைந்த பகுதி ஆயிற்றே' என்று கேட்கலாம். திரைப்படங்களில் விண்கலம் பாறைகளுக்கிடையே வளைந்து நெளிந்து தப்பிக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியில் உள்ள யாவற்றிலும் பெரியதான சீரிஸ் இந்தக் கணக்கில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு! எல்லாக் குறுங்கோள்களையும் சேர்த்து உருட்டினாலும் அந்த ரவைத் துகளின் நிறைக்கு ஈடாகாது. 260-ஆவது எட்டில் நெல்லிக்காயை வைக்கும்போது, செவ்வாயை வைத்த இடம் மறந்தே போயிருக்கும். சனிக்கு 478 எட்டு, யுரேனசுக்கு 957, நெப்டியூனுக்கு 1500. புளூட்டோவையும் வைக்க விரும்பினால் 1970. இந்த இடத்தில் உங்கள் நண்பர்களில் யாராவது ஒருவர், 'சலிப்பாக இருக்கிறது, திரும்பிவிடலாம்' என்று சொல்வார். அவர்தான் பாடத்தைச் சரியாகக் கற்றவர். அந்தச் சலிப்பைத்தான் பாடநூல் படம் உங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

மாதிரி சரியானதுதானா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. பூமியை வைத்த இடத்தில், அதாவது 30 மீட்டர் தொலைவில் நின்று பூசணிக்காயைத் திரும்பிப் பாருங்கள். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்தால், விரல் அகலத்தில் பாதியே அதை மறைத்துவிடும். வானத்தில் சூரியன் நமக்குத் தெரிகிற அளவும் அதுவே. (சூரியனை நேராகப் பார்த்து ஒப்பிட முயலாதீர்கள், கண் போய்விடும். முழுநிலவும் அதே அளவில்தான் தெரிகிறது, அதைப் பார்த்து ஒப்பிடுங்கள்.) புளூட்டோவின் இடத்திலிருந்து பார்த்தால் பூசணிக்காயை உருண்டை என்றே கண்ணால் பிரித்தறிய முடியாது. அது ஒரு புள்ளி.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கணக்கில் ஒளியின் வேகம் என்ன? நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, இங்கே நொடிக்கு 6 சென்டிமீட்டர்தான் நகரும். சுறுசுறுப்பான ஓர் எறும்பின் ஓட்டம். பூசணிக்காயிலிருந்து புறப்படும் எறும்பு கம்பு மணியை அடைய 8 நிமிடம் 20 நொடி ஆகும். சுண்டைக்காயான நெப்டியூனை அடைய 4 மணி 10 நிமிடம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் நீங்களோ ஒளியைப் போல 23 மடங்கு வேகத்தில் போகிறீர்கள்!

இவையெல்லாம் வியப்பதற்கு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்காகக் கிரகணத்தை எடுத்துக்கொள்கிறேன். மாதந்தோறும் பௌர்ணமி வருகிறது, அமாவாசை வருகிறது. மாதந்தோறும் கிரகணம் ஏன் வருவதில்லை? சந்திரனின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது என்பது விடை. தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் பாடநூல் படத்தைப் பார்த்த யாருக்கும் அந்த விடையில் நம்பிக்கை பிறக்காது. அதில் பந்து அளவில் ஒரு பூமி, அதன் பக்கத்திலேயே கோலிக்குண்டு அளவில் சந்திரன், இரண்டுக்கும் நடுவே அகலமான கறுப்பு நிழல். 5 பாகை சாய்ந்தால் என்ன, 10 பாகை சாய்ந்தால் என்ன, சந்திரன் அந்த நிழலிலிருந்து எப்படித் தப்பும் என்றுதான் தோன்றும்.

இப்போது நம் கம்பு மணிக்கு வாருங்கள். சந்திரன் என்ற ரவைத் துகளைக் கம்பு மணியிலிருந்து 7.7 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது நான்கு விரல் அகலத்தில் வைக்க வேண்டும். அவ்வளவு தொலைவில் பூமியின் முழு நிழலின் அகலம் 1.8 மில்லிமீட்டர்தான். 5 பாகைச் சாய்வினால் ரவைத் துகள் மேலும் கீழும் 7 மில்லிமீட்டர் வரை விலகிப் போகிறது. 2 மில்லிமீட்டர்கூட இல்லாத நிழல், 7 மில்லிமீட்டர் விலகும் துகள்! பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலில் படாமல் போவதில் வியப்பென்ன? எப்போதாவது படுகிறதே என்பதுதான் வியப்பு.

சூரிய கிரகணம் இன்னும் நுட்பமானது. ரவைத் துகளின் நிழல் கூம்பாகக் குறுகி, ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டரில் ஊசிமுனையாக முடிந்துவிடும். கம்பு மணியோ நான்கு விரல் தள்ளி இருக்கிறது. சந்திரன் சற்று அருகில் வரும்போது அந்த ஊசிமுனை மணியைத் தொடும். தொடும் இடத்தில் மட்டும் முழுக் கிரகணம். அதனால்தான் முழுச் சூரிய கிரகணம் பூமியில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் தெரிகிறது. சற்று விலகியிருக்கும்போது முனை எட்டாமல் போய்விடும். அப்போது சூரியனின் விளிம்பு வளையலாக எஞ்சும். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் சில ஊர்களில் தெரிந்தது இந்த வளையக் கிரகணமே. ஒரு கம்பு மணியும் ஒரு ரவைத் துகளும் நான்கு விரலும் போதும், இவ்வளவும் விளங்கிவிடுகிறது.

கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருகிறது, அதனால் வெப்பம் என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் பலர் உண்டு. நீள்வட்டப் பாதையைப் புத்தகங்கள் கோழிமுட்டை போல வரைந்து காட்டுவதால் வந்த வினை இது. நம் சாலையில் பூமியின் தொலைவு மிகக் குறைந்தால் 29.4 மீட்டர், மிக அதிகமானால் 30.4 மீட்டர். 30 மீட்டரில் 1 மீட்டர் வேறுபாடு. அதிலும் மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு உறங்கும்போது!

இதெல்லாம் சரி, ஆனால் சாலை எதற்கு, கைப்பேசியிலேயே சூரிய மண்டலத்தை அளவு மாறாமல் காட்டும் செயலிகள் இருக்கின்றனவே என்று சிலர் வாதிடக்கூடும். இருக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன. திரையில் பூமியைப் பார்க்க இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குகிறோம். வியாழனுக்குப் போகச் சுருக்கிச் சிறிதாக்கி நகர்த்துகிறோம். அந்த விரித்தலிலும் சுருக்கலிலும்தான் தொலைவு காணாமல் போகிறது. விரலுக்கு 1 மீட்டரும் 1 கிலோமீட்டரும் ஒன்றே. காலுக்கு அப்படி இல்லை.

காலைப் பற்றிச் சொன்னதால், அளவுத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதிரியைப் பெரிதாக்கினால் கோள்கள் நன்றாகத் தெரியும். ஆனால் நடக்க முடியாது. சுவிட்சர்லாந்தில் சூரிக் நகருக்கு அருகே ஊட்லிபெர்க் மலைமுகட்டில் 1979-இல் அமைத்த பாதை 100 கோடியில் ஒரு பங்கு. அங்கே பூமி ஒன்றேகால் சென்டிமீட்டர். புளூட்டோ வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அரை நாள் உலாவுக்கு ஏற்றது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில் உள்ளதோ இன்னும் பெரியது: 9 கோடியே 30 லட்சத்தில் ஒரு பங்கு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சரியாக 1 மைல். பிரெஸ்க் ஐல் ஊரிலிருந்து ஹோல்ட்டன் ஊர் வரை நெடுஞ்சாலை ஓரமாக 40 மைலுக்கு அது நீள்கிறது. அதைக் காரில்தான் பார்க்க வேண்டும். ஆகவே பாதையாக அதை நான் இத்தாக்காவுக்குக் கீழேதான் வைப்பேன். ஆனால் அதைக் கட்டிய விதத்துக்காக எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

ஏனென்றால் அதை ஊர் மக்கள் கட்டினார்கள். அரூஸ்டுக் என்ற அந்த மாவட்டம் உருளைக்கிழங்கு வயல்களுக்குப் பெயர் பெற்றது, மக்கள்தொகை குறைவு. அங்குள்ள பல்கலைக்கழகக் கிளையில் நிலவியல் பேராசிரியராக இருந்த கெவின் மெக்கார்ட்னி இந்த எண்ணத்தை முன்வைத்தார். 1999-இல் தொடங்கி 2003-இல் வேலை முடிந்தது. கோள்களைப் பள்ளி மாணவர்களும் தொழிற்கல்வி மாணவர்களும் பங்கு போட்டுக்கொண்டு செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கூலி வாங்காமல் உழைத்தார்கள். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வியாழனும், வளையத்தோடு கூடிய சனியும் கம்பத்தின் மேல் ஏறி நிற்கின்றன. புளூட்டோ இரண்டரை சென்டிமீட்டர்.

நிறுவனம் ஒன்றிடம் பணம் கொடுத்து, வழவழப்பான பலகைகளை வரவழைத்து நட்டிருந்தால் வேலை நான்கு மாதத்தில் முடிந்திருக்கும். ஆனால் என்ன கிடைத்திருக்கும்? போகிற போக்கில் பெயரைப் படித்துவிட்டுப் போக ஒரு பலகை. சனியைச் செய்யும் பொறுப்பை ஏற்ற மாணவருக்கு நேர்வது வேறு. கோளின் விட்டம் என்ன என்று தேட வேண்டும். வளையத்தின் விட்டம் எத்தனை மடங்கு என்று தேட வேண்டும். எல்லாவற்றையும் 9 கோடியே 30 லட்சத்தால் வகுக்க வேண்டும். வகுத்தது சரிதானா என்று பக்கத்து ஊரில் யுரேனஸ் செய்கிறவரோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு சுழியை விட்டுவிட்டாலும் மொத்த மண்டலமும் கெட்டுவிடும். இப்படி வகுத்தவர் அந்த எண்ணை வாழ்நாளில் மறப்பதில்லை.

இத்தகைய பாதைகளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முக்கியமான குறை, கோள்கள் நேர்க்கோட்டில் நிற்பது. உண்மையில் அவை அப்படி ஒரே கோட்டில் நிற்பதில்லை. பாதையைப் பார்த்துவிட்டு, செவ்வாய் நமக்கு எப்போதும் 16 மீட்டர் தள்ளியே இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. அது 11 மீட்டருக்கும் வரும். சூரியனுக்கு அந்தப் பக்கம் போனால் 80 மீட்டரும் விலகும். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்திலுள்ள ஆட்ஃபோர்டு என்ற கிராமத்தார் இந்தக் குறையைப் போக்க முனைந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்த கணத்தில் கோள்கள் எந்தெந்தத் திசையில் இருந்தனவோ அந்தந்தத் திசையில் தூண்களை நட்டார்கள். பாராட்டத்தக்க முயற்சிதான். ஆயினும் என் ஓட்டு நேர்க்கோட்டுக்கே. நடந்து எண்ணிக்கொண்டே போவதற்கு அது உதவுகிறது. வட்டப் பாதையைக் காட்ட வேண்டுமானால், பூமியின் இடத்தில் 30 மீட்டர் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவரைச் சுற்றி வரச் சொல்லலாம்.

புளூட்டோ விஷயத்தில் இன்னும் வேடிக்கை. 2006-இல் அது கோள் என்ற பட்டத்தை இழந்து குறுங்கோள் வகையில் ஒன்றாயிற்று என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதனால் தூணைப் பிடுங்கிவிட வேண்டும் என்று ஒரு கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை. பட்டம்தான் போனது, அது தன் இடத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் அந்த 'இடம்' எது என்பதுதான் கேள்வி. அதன் பாதை மிகவும் நீண்டது. நம் கணக்கில் சூரியனிலிருந்து 890 மீட்டர் முதல் 1475 மீட்டர் வரை மாறுகிறது. 1979 பிப்ரவரி முதல் 1999 பிப்ரவரி வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. எனவே 1997-இல் இத்தாக்காவில் தூண்களை நட்ட அன்று, உண்மையான புளூட்டோ அதன் தூண் நிற்கும் வரிசைப்படி இல்லை! தூண் காட்டுவது சராசரித் தொலைவை என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

அந்தத் தூணின் அருகே நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர்-1 விண்கலம் தன் ஒளிப்படக் கருவியைத் திருப்பிப் பூமியைப் படம் எடுத்தது. அப்படிச் செய்யலாம் என்று யோசனை சொன்னவர் கார்ல் சேகன். அப்போது அது இருந்த தொலைவு ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர். இத்தாக்காக் கணக்கில் 1200 மீட்டர். அதாவது புளூட்டோ தூணைத் தாண்டி 20 மீட்டர். நீங்கள் உங்கள் சாலையின் முடிவில் நின்று, 1200 மீட்டருக்கு அப்பால் விட்டுவந்த கம்பு மணி தெரிகிறதா என்று பாருங்கள். வாயேஜர் எடுத்த படத்தில் பூமி ஒரு படப்புள்ளியைக்கூட நிரப்பவில்லை. நம் கடல், மலை, ஊர், பள்ளி எல்லாம் அதற்குள்தான். மனிதன் இதுவரை போய்வந்த பயணங்கள் யாவும் அந்த மணியைச் சுற்றி நான்கு விரல் தொலைவுதான். 1977-இல் புறப்பட்ட அந்த வாயேஜர் இன்று சாலையில் 5 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. ஆண்டுக்கு 107 மீட்டர் என்ற கணக்கில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த பூசணிக்காய், அதாவது ஆல்பா சென்டாரி விண்மீன், 8000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. இத்தாக்காக்காரர்கள் 2012-இல் அதற்கும் ஒரு நிலையத்தை ஹவாய்த் தீவில் ஹீலோ நகரில் அமைத்தார்கள். உங்கள் பூசணிக்காய் சென்னையில் என்றால் அடுத்தது லண்டனில்.

இனி நம் பள்ளிகளுக்கு வருகிறேன். அறிவியல் கண்காட்சி என்றால் சூரிய மண்டலம் இல்லாமல் இருக்காது. தெர்மோகோல் உருண்டைகள், வண்ணப் பூச்சு, நடுவில் ஒரு மின்விளக்கு, சுற்றுவதற்கு ஒரு சிறு மோட்டார். பெற்றோர் இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டியிருப்பார்கள். பரிசும் அதற்கே போகும். அந்த உழைப்பைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் அது பாடநூல் படத்தின் அதே தவற்றைக் கம்பியில் கோத்துச் சுற்ற விடுகிறது. செவ்வாய்க்கு அடுத்த கம்பியில் வியாழன்! நடுவர்களாக வரும் ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: 'அளவும் தொலைவும் ஒரே கணக்கில் உள்ளனவா?' என்று அந்த மாணவரிடம் கேளுங்கள். வேறொரு மாணவர் மேசையில் ஒரு பூசணிக்காயையும் கசகசாப் பொட்டலத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, 'ஐயா, மீதியைப் பார்க்க என்னோடு ஒரு கிலோமீட்டர் நடந்து வாருங்கள்' என்று கூப்பிட்டால், போய் வாருங்கள். பரிசு அவருக்கு உரியது.

மாணவர்களே, நீங்கள் நடுவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாகன நெரிசல் இல்லாத ஒரு கிலோமீட்டர் பாதை எந்த ஊரிலும் உண்டு. ஏரிக்கரை இருந்தால் மிகவும் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். சில யோசனைகள் மட்டும். தானியங்களை வெறுமனே தரையில் வைத்தால் திரும்பி வரும்போது கிடைக்காது. ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளை அட்டையின் நடுவே பசையால் ஒட்டி, பெயரையும் தொலைவையும் பெரிதாக எழுதி, குச்சியில் கட்டி நடுங்கள். எட்டுக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். முதல் 30 மீட்டரை அளவு நாடாவால் அளந்து, உங்களுக்கு எத்தனை எட்டு என்று பார்த்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். பாதை வளைந்தால் வளையட்டும், இத்தாக்காவிலும் தெருக்கள் வளைந்துதான் போகின்றன. ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவர்களையும் சனி வரைக்குமாவது அழைத்துப் போங்கள். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் மட்டும் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நெப்டியூனை நடுவதற்குள் ஆடு வந்து சூரியனைத் தின்றுவிடும்.